மருந்து தேறியும் பங்கு ஏன் விழுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய பயோடெக் நிறுவனத்தின் பங்குகளை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதன் கையில் இருப்பது ஒரே ஒரு புற்றுநோய் மருந்து. போன மாதம் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வந்தது. மருந்து எடுத்துக்கொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருக்கிறார்கள் என்று நிறுவனத்தின் அறிக்கையே சொல்கிறது. ஆனால் அன்றைக்கே பங்கு விலை பாதியாகிவிட்டது. இதே பங்கை வைத்திருக்கும் நண்பர்கள், "எல்லாம் ஷார்ட் அடிப்பவர்களின் வேலை. விலையை அமுக்கி நம்மிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள். விற்காதே, இன்னும் வாங்கிப் போடு" என்கிறார்கள். நல்ல மருந்து என்றால் பங்கு ஏறத்தானே வேண்டும்? ஏன் விழுந்தது?
(வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: நல்ல கேள்வி. பயோடெக் பங்கு வாங்கும் பலரும் பணத்தை இழந்த பிறகுதான் இதைக் கேட்பார்கள். நீங்கள் இன்னும் கையில் பங்கு இருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் நண்பர்கள் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ஷார்ட் அடிப்பது என்றால், தன்னிடம் இல்லாத பங்கைக் கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்பது. விலை இறங்கிய பின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்து, இடையிலுள்ள வித்தியாசத்தை லாபமாக எடுத்துக்கொள்வது. இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறிய நிறுவனங்களின் பங்குகளில் தில்லுமுல்லு நடப்பதே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். மூளைப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி வடிவில் மருந்து உருவாக்கும் நார்த்வெஸ்ட் பயோதெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனம், தன் பங்கு விலையைச் செயற்கையாக இறக்கினார்கள் என்று சில சந்தை நிறுவனங்கள்மீது 2022 டிசம்பரில் வழக்கே போட்டது.

ஆனால் இந்தக் காரணம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பாருங்கள். ஷார்ட் அடித்தவர் என்றைக்காவது ஒருநாள் பங்கைத் திரும்ப வாங்கியே ஆக வேண்டும். அவர் விற்றபோது விலையை இறக்கியிருந்தால், வாங்கும்போது ஏற்றத்தான் செய்வார். மருந்து உண்மையிலேயே பெரும் பணம் கொடுக்கக்கூடியது என்றால், விலை மலிந்து கிடக்கும்போது ஒரு பெரிய மருந்து நிறுவனம் வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போகும். ஆகவே சூழ்ச்சியால் ஒரு பங்கைச் சில நிமிடமோ சில நாட்களோ இறக்கி வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் இறக்கி வைக்க முடியாது. நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, மருந்தை எத்தனை மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பார்கள் என்பவற்றை எந்த ஷார்ட் வியாபாரியாலும் மாற்ற முடியாது.

இதற்குப் பொருத்தமான உதாரணம், சியாட்டிலில் இருந்து இயங்கிய டென்ட்ரியான் என்ற நிறுவனம். இந்தப் பதிலில் மறுபடி மறுபடி அதற்கே வரப்போகிறேன். சிறு முதலீட்டாளர்கள் இவ்வளவு ஆவேசமாக ஒரு புற்றுநோய் மருந்தின் பின்னால் நின்ற கதை வேறு அதிகம் இல்லை. 2009 ஏப்ரல் 28 அன்று, அந்த நிறுவனம் தன் சோதனை விவரங்களைச் சிறுநீரியல் மருத்துவர்களின் மாநாட்டில் வெளியிட இருந்தது. அதற்குச் சற்று முன்னால், 24 டாலர் அளவில் இருந்த பங்கு ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடத்தில் 7 டாலர் சொச்சத்துக்குச் சரிந்தது. வர்த்தகத்தை நிறுத்திவைத்தார்கள். மறுநாள் திறந்தபோது விலை மறுபடியும் 20 டாலருக்கு மேல் வந்துவிட்டது. சூழ்ச்சி என்று வைத்துக்கொண்டாலும் அதன் ஆயுள் அவ்வளவுதான். அன்று உண்மையில் அடிபட்டவர்கள், "விலை இவ்வளவுக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு" என்று முன்கூட்டியே ஆணை போட்டு வைத்திருந்தவர்கள். ஸ்டாப் லாஸ் எனப்படும் அந்த ஆணை விலை எல்லையைத் தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்றுவிடும். இத்தகைய பங்குகளில் அது பாதுகாப்பு அல்ல என்பதை இடையிலே சொல்லி வைக்கிறேன்.

உங்கள் பங்கு பாதியாகி, ஒரு மாதமாகியும் மீளவில்லை. எனவே காரணத்தை வேறு இடத்தில் தேடுவோம்.

பங்கு விலையில் இருப்பது இன்றைய நிலவரம் மட்டும் அல்ல, நாளைய எதிர்பார்ப்பும் சேர்ந்தது. பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தோவாளைப் பூச்சந்தையில் மல்லிகை என்ன விலை விற்கும், மறுநாள் என்ன விலைக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். விலை இறங்கியதால் கல்யாணம் நன்றாக நடக்கவில்லை என்று யாரும் நினைப்பதில்லை. பயோடெக் பங்கும் முடிவு வரும் நாளை நோக்கி ஏறுகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே, வந்த செய்தி நல்லதா கெட்டதா என்று முடிவாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோதனை அமோகமாக வென்றால் ஒரு பங்கு 30 டாலர் பெறும், தோற்றால் 3 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு 12 டாலருக்கு விற்றால், வெற்றிக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று பொருள். முடிவுக்கு முந்தைய வாரங்களில் ஆர்வம் கூடி விலை 24 டாலருக்குப் போய்விட்டது என்றால், வாய்ப்பு நூற்றுக்கு 78 என்று ஆகிவிடுகிறது. புற்றுநோய் மருந்துகளில் மூன்றாம் கட்டத்தை எட்டியவற்றிலேயே ஏறக்குறைய பாதிதான் தேறுகின்றன. முதல் கட்டத்தில் நுழைகிறவற்றைக் கணக்கெடுத்தால் நூற்றுக்கு ஐந்து போலத்தான் அனுமதி வரை போகின்றன. இப்போது முடிவு வருகிறது: வெற்றிதான், ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை, பங்கின் மதிப்பு 18 டாலர் என்று வல்லுநர்கள் கணிக்கிறார்கள். 12 டாலரில் வாங்கியவருக்கு அது நல்ல செய்தி. 24 டாலரில் வாங்கியவருக்கு அதே செய்தியில் கால் பங்கு பணம் போகிறது.

நம்பிக்கை எந்த அளவுக்கு விலையை ஏற்றும் என்பதற்கு 1998-இல் நடந்ததைச் சொல்லலாம். மேரிலாந்தில் என்ட்ரிமெட் என்ற சிறு நிறுவனம் இருந்தது. புற்றுக்கட்டி வளர்வதற்குப் புதிய ரத்தக் குழாய்கள் வேண்டும், அந்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டி பட்டினியால் சுருங்கும் என்று டாக்டர் ஜூடா ஃபோக்மன் சொல்லிவந்தார். அவர் ஆய்வகத்தில் வந்த எண்டோஸ்டாடின் என்ற புரதத்தின் உரிமை என்ட்ரிமெட்டிடம் இருந்தது. எலிகளில் அது கட்டிகளைச் சுருக்கியது. இது 1997 நவம்பரிலேயே நேச்சர் இதழில் வந்து, நியூயார்க் டைம்ஸ் உள்பக்கத்திலும் வந்துவிட்ட செய்தி. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஐந்து மாதம் கழித்து, 1998 மே 3 ஞாயிற்றுக்கிழமை அதே நாளிதழ் அதையே முதல் பக்கத்தில் போட்டது. வெள்ளிக்கிழமை 12 டாலரில் முடிந்திருந்த பங்கு திங்கட்கிழமை 85 டாலரில் திறந்து, 52 டாலர் அளவில் முடிந்தது. புதிய தகவல் ஒன்றுகூட இல்லை! அந்த ஆண்டு நவம்பரில், வேறு ஆய்வகங்களில் அதே விளைவைத் திரும்பக் காட்ட முடியவில்லை என்ற செய்தி வந்ததும் விலை மறுபடி இறங்கியது.

இதில் நான் மறக்காமல் சொல்ல விரும்புவது இதுதான்: ஃபோக்மன் சொன்ன கருத்து சரி. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் அவாஸ்டின் 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதை உருவாக்கியது ஜெனென்டெக். திங்கட்கிழமை காலை 85 டாலருக்கு என்ட்ரிமெட் வாங்கியவர் அறிவியலைச் சரியாகவே கணித்திருந்தார். பணம் அவருக்கு வரவில்லை.

அடுத்து, "கூடுதல் காலம் வாழ்ந்தார்கள்" என்ற வரிக்கு வருவோம். உங்கள் நிறுவனத்தின் அறிக்கையைத் திரும்ப எடுத்து, அந்த வரி எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முதல் பத்தியிலா, நான்காவது பத்தியிலா? "முதன்மை இலக்கு எட்டப்பட்டது" என்று எங்காவது இருக்கிறதா? முதன்மை இலக்கு என்பது, இந்தச் சோதனை வென்றதா இல்லையா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்போம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் அளவீடு. அது ஆயுளாக இருக்கலாம், நோய் முற்றும் வரையான காலமாக இருக்கலாம். அதை எட்டாத சோதனை, வேறு எத்தனை நல்ல எண்களைக் காட்டினாலும் தோற்ற சோதனைதான் என்று அனுமதி கொடுப்பவர்கள் கருதுவார்கள்.

இது வெறும் பிடிவாதமாகத் தெரியலாம். நோயாளிகள் கூடுதலாக வாழ்ந்திருக்கும்போது ஏட்டில் எழுதிய இலக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். காரணம் கணக்கில் இருக்கிறது. எந்தப் பயனும் இல்லாத மருந்தைக்கூட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது விதங்களில் வெட்டிப் பார்த்தால், அதாவது ஆண்கள் மட்டும், அறுபது வயதுக்குக் கீழே மட்டும், கட்டி சிறிதாக இருந்தவர்கள் மட்டும் என்று பார்த்துக்கொண்டே போனால், எங்காவது ஓரிடத்தில் தற்செயலாக நல்ல முடிவு தெரிவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. வழக்கமான நூற்றுக்கு ஐந்து என்ற பிழை வரம்பை வைத்துச் சொல்கிறேன். "நோய் லேசாக இருந்த துணைக்குழுவில் மிகச் சிறந்த பலன்" என்று அறிக்கையில் வந்தால், இந்த மூன்றில் இரண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

டென்ட்ரியான் முதலில் மாட்டிக்கொண்டது இங்கேதான். புரொவெஞ்ச் என்பது அதன் மருந்தின் பெயர், பிராஸ்டேட் சுரப்பியின் முற்றிய புற்றுநோய்க்கானது. ஆரம்பச் சோதனைகளில் முதன்மை இலக்கு, நோய் முற்றும் வரையான காலம். அதை எட்ட முடியவில்லை. ஆனால் 127 பேர் கலந்துகொண்ட ஒரு சோதனையில், மருந்து பெற்றவர்கள் நாலரை மாதம் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. 2007 மார்ச் 29 அன்று, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு கூடி, பாதுகாப்பானது என்று 17-0 என்றும், பலனுக்குப் போதிய ஆதாரம் இருக்கிறது என்று 13-4 என்றும் வாக்களித்தது. 5 டாலர் அளவில் கிடந்த பங்கு மறுநாளே இரண்டு மடங்குக்கு மேல் போனது. அனுமதி வந்துவிட்டது என்றே சிறு முதலீட்டாளர்கள் நம்பினார்கள். ஆலோசனைக் குழுவின் வேலை ஆலோசனை சொல்வது மட்டும்தான். மே மாதம் எஃப்.டி.ஏ., கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று கடிதம் அனுப்பியது. ஒரே நாளில் பங்கு பாதிக்கும் மேல் விழுந்தது.

அப்போது நடந்த ஒன்று என்னை இன்றும் வருத்துகிறது. எதிர்த்து வாக்களித்த மருத்துவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. போராட்டம் நடந்தது, வழக்கு நடந்தது. அப்படிப் போராடியவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள், பங்கு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். சில வீடுகளில் மூவரும் ஒரே குடும்பமாக இருந்திருக்கலாம். அப்பாவுக்கு நோய், மகன் கணக்கில் பங்கு. அந்த நிலையில் இருப்பவரிடம் புள்ளியியல் பேசுவது கடினம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இதை அழுத்திச் சொல்கிறேன்: நோய்க்கான நம்பிக்கையையும் பணத்துக்கான நம்பிக்கையையும் ஒரே மருந்தின் மேல் வைக்காதீர்கள். ஒன்று இன்னொன்றின் கண்ணைக் கட்டிவிடும்.

கேட்ட கூடுதல் ஆதாரத்தை டென்ட்ரியான் கொண்டுவந்தது. இந்த முறை முதன்மை இலக்கே ஆயுள். 512 பேர், 341 பேருக்கு மருந்து, 171 பேருக்கு ஒப்பீட்டுக்கான போலி மருந்து. மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 25.8 மாதம், மற்றவர்களுக்கு 21.7 மாதம். இடைநிலை என்றால், குழுவில் பாதிப் பேர் இறந்து பாதிப் பேர் உயிரோடிருக்கும் புள்ளி. 4.1 மாதம் என்பது எல்லோருக்கும் கிடைத்த போனஸ் அல்ல. சிலருக்கு ஒன்றுமே கிடைக்காமலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் கிடைத்திருக்கலாம். 2010 ஏப்ரல் 29 அன்று எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களையே பயிற்றுவித்துப் புற்றுநோய்மேல் ஏவும் மருந்துகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து அது. பங்கு 50 டாலருக்கு மேல் ஏறியது. 2007-இல் போராடியவர்கள், "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று சொல்ல முடிந்தது. மருந்தைப் பற்றி அவர்கள் சொன்னது சரிதான்.

நாலரை ஆண்டில் நிறுவனம் திவாலானது.

மருந்து ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்படியும் ஏன் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பெரிய பதில் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புரொவெஞ்ச் எப்படித் தயாராகிறது தெரியுமா? நோயாளி ஒரு மையத்துக்குப் போய் மூன்று நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் வெள்ளை அணுக்கள் மட்டும் பிரிக்கப்பட்டு, மிச்சம் இன்னொரு கை வழியாக உள்ளே போகும். அந்த அணுக்களைப் பெட்டியில் வைத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் ஒன்று உங்கள் மாநிலத்திலேயே மோரிஸ் பிளெய்ன்ஸில் இருந்தது. அங்கே அணுக்களுக்குப் புற்றுநோயின் அடையாளப் புரதத்தை அறிமுகப்படுத்தி, இரண்டு மூன்று நாளில் திருப்பி அனுப்புவார்கள். சில மணி நேரத்துக்குள் நோயாளியின் உடலில் ஏற்றியாக வேண்டும். விமானம் தாமதமானால், பனி பெய்து சாலை அடைபட்டால், அந்தப் பை வீண். இரண்டு வார இடைவெளியில் இதை மூன்று முறை செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மருந்து, மாத்திரைபோல லட்சக்கணக்கில் அடித்து அடுக்கி வைக்க முடியாது.

மூன்று தவணைக்கு விலை 93,000 டாலர். அமெரிக்காவில் இப்படிப்பட்ட மருந்தை மருத்துவர் தன் பணத்தில் வாங்கி நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு காப்பீட்டிடம் பில் அனுப்பிப் பெற்றுக்கொள்ள வேண்டும். பத்து நோயாளி என்றால் 9,30,000 டாலர் அவர் கையிலிருந்து வெளியே நிற்கும். பிராஸ்டேட் நோயாளிகளில் பெரும்பாலோர் 65 வயது தாண்டியவர்கள், அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியது அரசின் மெடிகேர். இந்த மருந்துக்கு நாடு முழுவதும் பணம் கொடுப்போம் என்று மெடிகேர் முடிவாகச் சொன்னது 2011 ஜூன் இறுதியில்தான். அதுவரை எந்த மருத்துவர் துணிந்து பத்துப் பேருக்கு எழுதுவார்?

இன்னொரு சிக்கல், என் கணிப்பில் அதுதான் பெரியது. புரொவெஞ்ச் ஆயுளைக் கூட்டியது, ஆனால் நோய் முற்றும் வேகத்தைச் சோதனைகளில் மாற்றவில்லை. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எண்ணை வைத்துத்தான் பிராஸ்டேட் நோயாளிகள் தங்கள் நிலையை அவ்வப்போது பார்ப்பார்கள். அந்த எண் பெரும்பாலோருக்கு இறங்கவில்லை. 93,000 டாலர் செலவழித்த பின் பரிசோதனைத் தாளில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால், மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர் எதைக் காட்டி நோயாளிக்குச் சொல்வார்? 2011 ஏப்ரலில் சைட்டிகா என்ற மாத்திரை வந்தது. 2012 ஆகஸ்ட்டில் எக்ஸ்டாண்டி என்ற இன்னொன்று வந்தது. இரண்டையும் வீட்டில் தண்ணீர் குடித்து விழுங்கலாம், பி.எஸ்.ஏ. இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். அனுமதி நாளில் இப்படிப்பட்ட மாத்திரைகளின் போட்டி இல்லாமல் இருந்த சந்தையில் இரண்டரை ஆண்டுக்குள் இவ்வளவு மாற்றம்.

2011-க்கு 35 கோடியிலிருந்து 40 கோடி டாலர் வரை விற்பனை வரும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஆகஸ்ட் மாதம் அந்தக் கணிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே நாளில் பங்கு மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. அன்று மருந்தின் பலன் பற்றிய ஒரு எண்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலைகள் கட்ட வாங்கிய கடன் அப்படியே நின்றது. 2014 நவம்பரில் திவால் மனு போட்டபோது கடன் பத்திரங்களின் பாக்கி 62 கோடி டாலர். திவாலில் முதலில் கடன்காரர்களுக்குப் போகும், மிஞ்சினால்தான் பங்குதாரர்களுக்கு. மிஞ்சவில்லை. 2015-இல் வேலியன்ட் நிறுவனம் மருந்தை வாங்கியது, 2017-இல் சீனாவின் சான்பவர் 82 கோடி டாலருக்கு வாங்கியது. மருந்து ஒவ்வொரு கையாக மாறி, நோயாளிகளுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மோரிஸ் பிளெய்ன்ஸ் தொழிற்சாலையை 2012-இல் நோவார்ட்டிஸ் வாங்கி, ரத்தப் புற்றுநோய்க்கான கிம்ரியா என்ற அணு மருந்தை அங்கே தயாரித்தது. அறிவியலுக்கு இதில் நஷ்டமே இல்லை.

ஆக, நல்ல மருந்து என்றால் பங்கு ஏற வேண்டும் என்ற எண்ணத்தில் இருக்கும் பிழை தெரிகிறது அல்லவா? பங்கு வாங்கும்போது நீங்கள் மருந்தை வாங்குவதில்லை, ஒரு நிறுவனத்தை வாங்குகிறீர்கள். அந்த நிறுவனத்துக்கு வாடகை, சம்பளம், கடன், காலம் எல்லாம் உண்டு. வருமானம் இல்லாத சிறு நிறுவனம் புதிய பங்குகளை விற்றுத்தான் நாளை நகர்த்தும். இதை டைல்யூஷன் என்பார்கள்: பங்குகளின் எண்ணிக்கை கூடக் கூட, உங்கள் கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் உரிய பாகம் சுருங்குவது. 10 கோடிப் பங்கு இருக்கும் நிறுவனத்தில் உங்களிடம் 10 லட்சம் இருந்தால் நூற்றுக்கு ஒன்று உங்களுடையது. இரண்டரைக் கோடிப் புதிய பங்கு வெளியிட்டால் அது 0.8 ஆகிறது. வருகிற பணத்துக்கு அதற்குச் சமமான பலன் உண்டுதான், ஆனால் அவர்கள் பெரும்பாலும் சந்தை விலைக்குக் குறைவாகத்தான் விற்க வேண்டியிருக்கும். எப்போது விற்பார்கள்? விலை ஏறியிருக்கும்போது, அதாவது நல்ல செய்தி வந்தவுடன். இதில் தவறு ஒன்றுமில்லை, பணம் இல்லாமல் மருந்து முன்னேறாது. சந்தைக்கு இது முன்கூட்டியே தெரியும், அதனால்தான் நல்ல செய்தி வந்த அன்றே பலர் விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள். அவர்களையும் உங்கள் நண்பர்கள் ஷார்ட் அடிப்பவர்கள் என்று எண்ணியிருக்கக்கூடும்.

மேலே சொன்ன நார்த்வெஸ்ட் நிறுவனத்திலும் இவற்றில் சில சேர்ந்தே இருந்தன. 331 பேர் கலந்துகொண்ட சோதனை. தொடக்கத்தில் நோய் முற்றும் வரையான காலமே முதன்மை இலக்கு. பின்னர் ஆயுள் என்று மாற்றினார்கள். போலி மருந்து பெற்றவர்களுக்கும் நோய் திரும்பியபின் உண்மை மருந்தைக் கொடுக்கச் சோதனையின் விதியே இடம் கொடுத்தது. மனிதாபிமானப்படி அது சரி, ஆனால் ஒப்பிட ஆள் இல்லாமல் போனது. எனவே வேறு சோதனைகளின் நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். 19.3 மாதம், 16.5 மாதம் என்று வந்தது. 2022 மே மாதம் அதை அறிவித்த அன்று பங்கு பாதிக்கும் மேல் விழுந்தது. அந்த மருந்து பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒப்பீட்டைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஏற்குமா என்ற சந்தேகத்துக்குச் சந்தை ஒரு விலை போட்டது, அவ்வளவே.

இனி உங்கள் பங்கு. விற்கலாமா வைத்திருக்கலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. உங்கள் பண நிலை தெரியாமல் நான் அதற்குப் பதில் சொன்னால் பொறுப்பில்லாதவன் ஆவேன். "இன்னும் வாங்கிப் போடு" என்ற யோசனைக்கு மட்டும் என் பதில் தெளிவானது: விலை குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள். பாதியான பங்கு மறுபடி பாதியாவதை எதுவும் தடுப்பதில்லை. நாலு வருடம் காத்திருந்தது வாங்குவதற்கான காரணம் ஆகாது.

அதற்கு முன் இரண்டு இடங்களில் தேடிப் பாருங்கள், இரண்டும் இலவசம். கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் என்ற அமெரிக்க அரசின் பதிவேட்டில் உங்கள் மருந்தின் சோதனையைத் தேடுங்கள். முதன்மை இலக்கு என்ன, அது இடையில் மாற்றப்பட்டதா என்பது பழைய பதிவுகளோடு அங்கே இருக்கும். மாற்றியிருந்தால் எப்போது, முடிவு தெரிவதற்கு முன்னா பின்னா என்று பாருங்கள். பிறகு, நிறுவனம் பங்குச் சந்தை ஆணையத்துக்குக் கொடுத்த கடைசிக் காலாண்டு அறிக்கையை எடுங்கள். கையில் இருக்கும் ரொக்கத்தை ஒரு காலாண்டில் செலவான ரொக்கத்தால் வகுங்கள். விடை ஆறுக்குக் கீழே வந்தால், ஒன்றரை ஆண்டுக்குள் பணம் தீர்ந்துவிடும், அதற்கு முன்பே புதிய பங்கு வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே அறிக்கையில் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையும் இருக்கும். நான்கு ஆண்டுக்கு முன்னால், நீங்கள் வாங்கியபோது இருந்த எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த எண்களையும், அறிக்கையில் முதன்மை இலக்கு பற்றி இருக்கும் வரியையும் எழுதி அனுப்புங்கள். போன மாதம் விலை எதற்காக விழுந்தது என்பதை அவற்றை வைத்து இன்னும் துல்லியமாகப் பார்த்துச் சொல்கிறேன்.